நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடக் கிளம்பும் முன்: மீன்பிடித் தகவல்களை நம்பிப் போய்வந்த அனுபவம்

சிங்கப்பூரில் ஏரி மீன்பிடிப்பு என்றால் பெரும்பாலும் நீர்த்தேக்கம்தான். பிடோக், லோவர் சிலேத்தார், கிராஞ்சி என எங்கே போவதானாலும், அங்கே அண்மையில் போய்வந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தூண்டில் கம்பை எடுக்கிறேன். பல ஆண்டுகளாக இதுவே வழக்கம். மீன் மாட்டுவது கூடியிருக்கிறது; அதைவிட, வீண் அலைச்சல் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எனக்கு மிகவும் கைகொடுப்பவை, வெறுங்கையோடு திரும்பியவர்கள் எழுதும் தகவல்கள். பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படத்தில் மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது. மீன் கிடைக்காதவரோ ஏன் கிடைக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பியிருப்பார். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுவார். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “காலை ஏழரை. காற்று முகத்துக்கு நேராக அடித்தது. நேற்றைய மழையில் தண்ணீர் கலங்கல். ஒன்றும் கொத்தவில்லை. தோமான் மட்டும் இரண்டு முறை மேலே வந்து போனது.”

இந்தச் சில வரிகளில் எவ்வளவு இருக்கிறது! தோமான் விரால் இனத்தைச் சேர்ந்தது. நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும். அது தலைகாட்டினால், மீன் அங்கே இருக்கிறது, அன்று இரையெடுக்கவில்லை என்று பொருள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட பீகாக் பாஸ், பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. கலங்கல் நீரில் அதற்குப் போலி இரை தெரிவதே கடினம். ஆகவே அந்தத் தகவலைப் படித்த நான், மழை விட்டு நீர் தெளியட்டும் என்று காத்திருந்து போனேன். நல்ல பீகாக் பாஸ் மாட்டியது.

இடத்தைப் பற்றிய தகவல் சீக்கிரமே பழசாகிவிடும். சிறுமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு பீகாக் பாஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். முந்தாநாள் கிடைத்த மூலையில் இன்று கிடைக்க வேண்டும் என்பதில்லை. நேரம், நீரின் நிறம், காற்று, எந்த ஆழத்தில் கொத்தியது ஆகியவற்றையே நான் குறித்துக்கொள்கிறேன்.

வானிலைக்குக் குழுவை நம்பவே கூடாது. சுமத்ரா பக்கமிருந்து விடியலில் கிளம்பும் சூறைக்காற்று இடியையும் மழையையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வெட்டவெளியில் அதை ஏந்தி நிற்பது ஆபத்து. மின்னல் எச்சரிக்கையை வானிலை ஆய்வகத்தின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்பிடிக்க அனுமதிக்கப்பட்ட கரை எது என்பதற்கும் அப்படித்தான்: நீர்த்தேக்கங்களை நிர்வகிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அறிவிப்புப் பலகையே கணக்கு. அங்கே செயற்கை இரையைத்தான் பயன்படுத்த வேண்டும். யாரோ ஒருவர் அனுப்பிய படம் எல்லைக்கு வெளியே எடுத்ததாகவும் இருக்கலாம்.

இந்தத் தகவல் பரிமாற்றத்தில் என்னை உண்மையிலேயே வருத்துவது ஒன்று உண்டு. தோமான் குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீர்ப்பரப்பில் மொய்க்கும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். அந்தத் திரளருகே இரையை வீசினால் பெரிய மீன் பாய்ந்து கவ்வும். பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விழுங்கிவிடும். “குஞ்சு தெரிகிறது, உடனே வாருங்கள்” என்று இடத்தைக் குறிப்பிட்டு ஒருவர் எழுத, மறுநாள் காலையில் அங்கே தூண்டில்காரர்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தேன். அன்றே குழுவில் என் மனத்தாங்கலை எழுதினேன். சிலர் மறுத்தார்கள், பலர் ஒப்புக்கொண்டார்கள். இப்போது குஞ்சுகள் இருக்கும் இடத்தை எங்கள் குழுவில் யாரும் சொல்வதில்லை. புதியவர் யாராவது கேட்டால், “கொஞ்ச நாள் கழித்துப் போங்கள் தம்பி, அதுவரை வேறு கரை சொல்கிறேன்” என்று மூத்தவர் ஒருவர் பதில் எழுதுகிறார்.