ஒரு மணி நேரப் பொது உரையா, முப்பது வகுப்புப் பாடத்தொடரா?

மூன்று வருடம் முன்பு வரை நான் பொது உரைகளின் ஆள். வாரத்தில் மூன்று நான்கு இரவு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஒரு நாள் கருந்துளை, மறுநாள் ரோமப் பேரரசின் வீழ்ச்சி, அதற்கடுத்த நாள் மொழியின் தோற்றம். ஒவ்வொன்று முடியும்போதும் மனம் நிறைந்திருக்கும். அப்புறம் ஒரு நாள் எதையோ தேடிக் குறிப்பேட்டைப் புரட்டியபோது ஒரே படம் நான்கு இடத்தில் இருந்தது. ஒரு தடுப்பில் இரண்டு பிளவுகள், பின்னால் ஒரு திரை, திரையில் வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகள். குவாண்டம் இயற்பியல் பற்றி நான்கு வெவ்வேறு அறிஞர்களின் உரைகளைக் கேட்டு, நான்கு முறையும் இதையே வரைந்திருக்கிறேன். நான்கிலும் படத்துக்குக் கீழே, "எலெக்ட்ரான் இரண்டு வழியாகவும் போகிறது!" என்று ஆச்சரியக்குறியோடு ஒரு வரி. அதற்குப் பிறகு ஒரு அடிகூட முன்னே போகவில்லை.

அன்றிலிருந்துதான் பல்கலைக்கழகங்கள் வகுப்பறையிலேயே பதிவு செய்து வெளியிடும் முழுப் பாடத்தொடர்கள் பக்கம் வந்தேன். இன்று யாராவது கேட்டால் பாடத்தொடரைத்தான் சொல்வேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பொது உரை என்பது யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று நடத்தப்படும் தனி உரை. பழைய மரபு இது. லண்டனின் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் நகரத்து மக்களுக்கு இலவசமாக உரைகள் நடத்திவருகிறது. வானியல், வடிவியல், மருத்துவம், சட்டம், இறையியல், இசை, சொல்லாட்சி என்று ஏழு துறைகளோடு தொடங்கியது. அறிவியலும் கலையும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இருந்திருக்கிறது. அங்கே கிறிஸ்டோபர் ரென் வானியல் உரை நிகழ்த்திய ஒரு நாளில், 1660 நவம்பரில், உரை முடிந்து கூடிப் பேசியவர்கள் எடுத்த முடிவில் பிறந்ததுதான் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம். லண்டனிலேயே உள்ள இன்னொரு அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளிக்கிழமை மாலை உரைகளும் இதே வகைதான். பாடத்தொடர் அப்படியில்லை. அது மாணவர்களுக்காக ஒரு பருவம் முழுக்க எடுத்த வகுப்புகள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கப்போவதாக 2001-ல் அறிவித்தது. யேல் 2007-ல் முழு வகுப்புகளின் வீடியோக்களை வெளியிடத் தொடங்கியது.

பணம், வசதி எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். இணையத்தில் பதிவாகப் பார்க்கும்போது இரண்டும் இலவசம். இரண்டையும் நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், வேகம் கூட்டலாம். பார்க்க இதமாக இருப்பது பொது உரைதான், அதில் சந்தேகமே இல்லை. நல்ல கேமரா, தெளிவான படங்கள், ஒத்திகை பார்த்த பேச்சு. வகுப்பறைப் பதிவில் கரும்பலகை பாதி தெரியாது, மாணவர் கேட்கும் கேள்வி காதில் விழாது, பதில் மட்டும் கேட்கும். முதல் பத்து நிமிடம் வீட்டுப்பாடத் தேதியிலேயே போய்விடும். இதெல்லாம் பழகிவிடுகிறது.

பழகாத விஷயம் ஒன்றுதான். என் முடிவு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. பொது உரை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும்.

உரையாற்றுபவர் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், என்ன படித்தவர் என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஒன்றுமே தெரியாதவர் என்று எடுத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இருக்கும் அறுபது நிமிடத்தில் நாற்பது நிமிடம் அடித்தளம் போடவே போய்விடும். மிச்சம் இருபது நிமிடத்தில் தன் ஆய்வைத் தொட்டுக் காட்டுவார், அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னொருவர் வருவார், அவரும் அதே அடித்தளத்தைப் போடுவார். பத்து உரை கேட்டவரும் ஒரே வாசலில் பத்து முறை நின்றவர்தான், வீட்டுக்குள் போனவர் இல்லை. பாடத்தொடரில் ஆசிரியர் கையில் ஒரு சொத்து இருக்கிறது: முந்தைய வகுப்பு. மூன்றாம் வகுப்பில் சொன்ன ஒரு வரையறையைப் பதினான்காம் வகுப்பில் ஒரு வார்த்தை விளக்காமல் எடுத்துப் பயன்படுத்துவார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நமக்குள் ஒரு மணி நேரம் ஏற்கெனவே இருக்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது எம்ஐடியில் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-ல் எடுத்த நேரியல் இயற்கணித வகுப்புகள். மொத்தம் 34. முதல் வகுப்பில் அவர் எழுதுவது இரண்டே இரண்டு சமன்பாடுகள்: 2x − y = 0, −x + 2y = 3. பள்ளியில் படித்த எவரும் போட்டுவிடுவார்கள். x = 1, y = 2. முதலில் நாம் எல்லோரும் செய்வதைப் போல இரண்டு கோடு வரைந்து, வெட்டும் புள்ளியைக் காட்டுகிறார். அப்புறம் அதையே செங்குத்தாகப் பார்க்கச் சொல்கிறார். x-க்குக் கீழே 2, −1 என்று ஒரு நிரல். y-க்குக் கீழே −1, 2 என்று இன்னொரு நிரல். ஒவ்வொன்றும் ஒரு அம்பு. முதல் அம்பில் ஒன்று, இரண்டாம் அம்பில் இரண்டு எடுத்து ஒன்றின் நுனியில் அடுத்ததன் வால் வருமாறு சேர்த்தால் 0, 3 என்ற இடத்துக்குப் போய்ச் சேரலாமா? சேரலாம். சாக்பீஸால் மூன்று கோடு இழுத்துக் காட்டிவிடுகிறார்.

இதை ஒரு பொது உரையில் கேட்டிருந்தால் "அட, அழகாக இருக்கிறதே" என்று எழுதிவிட்டு மூடியிருப்பேன். தொடரில் அந்த அம்புகள் விடுவதில்லை. ஆறாம் வகுப்பில், அந்த அம்புகளைக் கூட்டிக் கூட்டி எங்கெல்லாம் போக முடியும் என்ற கேள்வியாகத் திரும்பி வருகின்றன. பத்தாம் வகுப்பில் அது, ஓர் அணிக்கு, அதாவது எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டத்துக்கு, உரிய நான்கு வெளிகளில் ஒன்றாக உட்காருகிறது. 29-ம் வகுப்பில், எந்த அணியையும் பிரித்துப் பார்க்கும் ஒரு முறைக்கு அதே அம்புகள்தான் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே போய்ச் சேர்ந்த இரவில் முதல் வகுப்பை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அவர் என்ன விதைத்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கலைத்துறைகளுக்கு இது பொருந்தாது, அங்கே ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்திருந்தேன். யேலில் ஷெல்லி கேகன் மரணம் பற்றி எடுத்த 26 வகுப்புகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். ஆன்மா என்று ஒன்று உண்டா என்ற கேள்வியில் பிளேட்டோவின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிப் பார்த்து, எந்தப் படி வலுவாக இருக்கிறது, எது ஆடுகிறது என்று வகுப்பு வகுப்பாகப் போகிறார். பிளேட்டோ எழுதிய உரையாடலில் சாக்ரடீஸிடம் சிம்மியாஸ் என்பவர் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று வருகிறது. யாழின் இசைவு கண்ணுக்குத் தெரியாதது, ஆனாலும் யாழ் உடைந்தால் அதுவும் போய்விடுகிறதே, ஆன்மாவும் அப்படி இருந்தால் என்ன என்கிறார். தனி உரையில் இது ஒரு நல்ல உவமை. தொடரில் கேட்கும்போது, "கண்ணுக்குத் தெரியாதது அழியாது" என்ற வாதத்தின் மேல் நேராகப் போய் அடிக்கிறது என்று நமக்கே தெரியும், ஏனென்றால் அந்த வாதத்தோடு கொஞ்ச நேரம் வாழ்ந்திருக்கிறோம். பொது உரை ஒரு தத்துவவாதியின் முடிவைச் சொல்லும். அந்த முடிவு எத்தனை முறை விழுந்து எழுந்தது என்று பார்க்க வகுப்புதான் வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் சபோல்ஸ்கி 2010-ல் எடுத்த மனித நடத்தையின் உயிரியல் தொடர், 25 வகுப்புகள், இரண்டு துறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. முதல் வகுப்பிலேயே எதையும் ஒரே பெட்டிக்குள் போட்டு யோசிக்காதே என்று எச்சரிக்கிறார். பிறகு பரிணாமம், மரபணு, மூளை, ஹார்மோன் என்று பெட்டி பெட்டியாகக் கற்றுத் தருகிறார். கடைசிப் பகுதியில் வன்முறை போன்ற ஒரு நடத்தையை எடுத்து எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகத் திறக்கிறார். அதே கருத்தை ஒரு மணி நேர உரையில் சொன்னால் அது ஒரு பட்டியலாகத்தான் காதில் விழும்.

சரி, பொது உரை எங்கே ஜெயிக்கிறது? புதுமையில். பாடத்தொடருக்கு வயதாகிறது. யேலில் சார்ல்ஸ் பெய்லின் 2007-ல் எடுத்த வானியற்பியல் வகுப்புகள் கருந்துளை, இருள் ஆற்றல் எல்லாவற்றையும் அருமையாகச் சொல்கின்றன. ஆனால் ஈர்ப்பு அலை முதன்முதலாகப் பிடிபட்டது 2015 செப்டம்பரில்தான், உலகுக்குச் சொன்னது 2016 பிப்ரவரியில். அதைத் தெரிந்துகொள்ளப் பொது உரைக்குத்தான் போக வேண்டும். மரபணுவியல், செயற்கை நுண்ணறிவு எல்லாம் இதைவிட வேகம். இந்தத் துறைகளில் பத்து வருடப் பழைய தொடரை மட்டும் நம்புவது சரியில்லை. கணிதம், தத்துவம், பழங்கால வரலாறு போன்றவற்றில் இந்தக் கவலை மிகக் குறைவு. ஸ்ட்ராங்கின் அம்புகளுக்கு வயதே ஆகாது.

நேரில் போய் அரங்கில் உட்கார்ந்து கேட்பது பற்றி நான் அழுத்திச் சொல்லக் கூடாது, மொத்தமே நாலைந்து முறைதான் போயிருக்கிறேன். கேள்வி கேட்கலாம் என்பது பெரிய ஆதாயம், ஆனால் அரங்கைப் பொறுத்தது. பாரிஸில் கொலேஜ் த ஃபிரான்ஸில் தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோவின் உரைகளுக்குக் கூட்டம் தாங்காது. கூட்டம் குறையட்டும் என்று 1976-ல் உரையைக் காலை ஒன்பதரைக்கு மாற்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். பின்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தவருக்கும் வீட்டில் பார்ப்பவருக்கும் அவரிடம் பேசும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பொதுமக்களுக்காகவே, ஆனால் தொடராக. இயற்பியலாளர் ஃபைன்மன் 1964-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய ஏழு உரைகள் இப்படிப்பட்டவை. பிபிசி வானொலியின் ரீத் உரைகளும் 1948-ல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் தொடங்கிவைத்த காலத்திலிருந்து இந்த வகைதான். மூன்று மாதம் ஒதுக்க முடியாதவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். இரண்டாம் உரை முதல் உரையின் தோள் மேல் ஏறுகிறது, அதுவே பெரிய விஷயம்.

பொது உரையால் வாழ்க்கையே மாறியவர் விஞ்ஞானி ஃபாரடே இல்லையா என்று கேட்கலாம். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர், 1812-ல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். மறு வருடம் அவருக்கே உதவியாளர் ஆனார். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது ஒன்றை இல்லை, நான்கை. கேட்டதோடும் விடவில்லை. எடுத்த குறிப்புகளை உட்கார்ந்து திருத்தி எழுதி, படம் வரைந்து, கட்டி, டேவிக்கே அனுப்பினார். வேலையைச் செய்தது அந்த இரண்டாம் எழுத்து என்றுதான் எனக்குப் படுகிறது. நானும் இப்போது ஒவ்வொரு வகுப்பு முடிந்த மறுநாளும், பார்க்காமல் ஒரு பக்கம் எழுதுகிறேன். எழுத வராத இடம் புரியாத இடம்.

பாடத்தொடரின் பெரிய பலவீனம் நாமேதான். பாதியில் விட்டுவிடுவோம். வாரம் மூன்று வகுப்பு என்று வைத்தாலும் 34 வகுப்புக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். பயிற்சிக் கணக்குகளையும் போட்டால் நேரம் இரட்டிப்பாகும். நான் முழுதாக முடித்தவை நான்கு, பாதியில் நிற்பவை இரண்டு. பொறியியல், மருத்துவப் பக்கம் போனதே இல்லை, அங்கே இந்தக் கணக்கு மாறலாம்.

முடித்த நான்கில், முதலில் பாதியில் விட்டிருந்த ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எம்ஐடியில் ஆலன் ஆடம்ஸ் 2013-ல் எடுத்த குவாண்டம் இயற்பியல். முதல் வகுப்பில் இரண்டு பிளவுகளில் தொடங்காமல், எலெக்ட்ரானுக்கு "நிறம்", "கடினம்" என்று இரண்டு குணங்களைக் கற்பனையாக வைத்து, பெட்டிகள் வழியாக அனுப்பி நம்மைத் திகைக்க வைக்கிறார். உற்சாகமாக உள்ளே போனேன். சில வகுப்புகள் தாண்டியதும் "ஐகன்" என்ற சொல் வந்தது. மாணவர்களுக்குத் தெரிந்த சொல், எனக்குத் தெரியாது. அங்கேயே நின்றுவிட்டேன். அந்தச் சொல்லைத் தேடிப் போனதில்தான் ஸ்ட்ராங்கிடம் வந்து சேர்ந்தேன். அவருடைய 21-ம் வகுப்பில் அது வருகிறது: ஓர் அணியால் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத அம்புகளைக் குறிக்கும் சொல். முடித்துவிட்டு ஐந்து மாதம் கழித்து ஆடம்ஸிடம் திரும்பினேன், இந்த முறை நிற்கவில்லை.

அந்தத் தொடர் முடிந்த வாரம், பழைய குறிப்பேட்டில் நான்காவது பிளவுப் படத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அதில் ஒவ்வொரு பிளவுக்கும் ஒரு அம்பு வரைந்தேன். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டையும் ஒன்றின் நுனியில் அடுத்ததன் வால் வருமாறு சேர்த்துக் கூட்டி, வந்த நீளத்தை வர்க்கப்படுத்தினேன். அம்புகள் ஒரே பக்கம் பார்த்த இடத்தில் வெளிச்சம், எதிரெதிராகப் பார்த்த இடத்தில் பூஜ்யம், அதாவது இருள். பட்டைகள் அவையாகவே வந்து விழுந்தன.