ரிச்சி ஸ்ட்ரீட்டில் எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த யாருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் சந்தையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இப்போது புதிதாகப் போகிற பசங்களில் பாதிப் பேர் தப்பான பொருளை வாங்கிக்கொண்டு வந்து தெருவையே திட்டுகிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உதிரி பாகத்துக்கும் ரிப்பேருக்கும் ஊரில் இதைவிட நல்ல இடம் கிடையாது. பளபளவென்று பெட்டியில் போட்டு விற்கிற பவர்பேங்க், பென்டிரைவ், இயர்பட்ஸ் வகையறாவுக்கு இங்கே வரவே வேண்டாம்.

வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போய்விடும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம், பறக்கும் ரயில் என்றால் சிந்தாதிரிப்பேட்டை. ரிச்சி ஸ்ட்ரீட் என்று நாம் சொல்வது ஒரு தெருவை மட்டும் அல்ல, பக்கத்து நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான். காலை பதினோரு மணிக்கு முன்னால் போனால் பாதி ஷட்டர் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் லீவு.

சரி, நல்லதிலிருந்து ஆரம்பிக்கலாம். என் பழைய மானிட்டர் ஒன்று ஆன் ஆகி, இரண்டு நொடியில் அணைந்து, மறுபடி ஆன் ஆகி என்று கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்று ஐயாயிரத்தைத் தொடுகிற மாதிரி ஒரு தொகை சொன்னார்கள். திறந்து பார்த்தால் பவர் போர்டில் மூன்று கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன உருளைகள்) தலை உப்பிப்போய் இருந்தன. (வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.) கழற்றிய ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னக் கடையில் நின்று, "அண்ணே, ஆயிரம் மைக்ரோஃபாரட், இருபத்தஞ்சு வோல்ட், அஞ்சு பீஸ்" என்றேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை, கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மானிட்டரா? 105 டிகிரி போடு தம்பி, 85 போட்டா மறுபடி இங்கதான் வந்து நிப்ப" என்றார். 25 வோல்ட்டில் அந்த ரகம் தீர்ந்துபோயிருந்தது, 35 எடுத்துக் கொடுத்தார். வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது, உயரம் மட்டும் மூடிக்குள் அடங்குகிறதா பார்த்துக்கொள் என்று விரலால் அளந்தும் காட்டினார். எல்லாம் சேர்த்து 40 ரூபாய்.

அவர் சொன்ன 105 டிகிரி சும்மா இல்லை, கெப்பாசிட்டர் எவ்வளவு சூடு தாங்கும் என்கிற அளவு அது. சூடு 10 டிகிரி குறைந்தால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அப்படியென்றால் 85க்கும் 105க்கும் நடுவில் நான்கு மடங்கு வித்தியாசம். ஆன்லைனில் இதே பொருள் ஐம்பது பீஸ் பாக்கெட்டாக வரும், டெலிவரி சார்ஜ் தனி, எது போடலாம் என்று சொல்ல ஆளும் கிடையாது.

ஆர்டுயினோ, இஎஸ்பி32 மாதிரி புரோகிராம் போடுகிற சின்ன போர்டுகள், சென்சார் என்று விளையாடுகிறவர்களுக்கும் இந்தத் தெரு போதும். இங்கே கிடைக்கிற ஆர்டுயினோ ஊனோ பெரும்பாலும் நகல்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்த டிசைனே திறந்த வன்பொருள், யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். அசலில் யூஎஸ்பி வேலைக்கு ஏடிமெகா16யூ2 சிப் இருக்கும், நகலில் விலை குறைந்த சிஎச்340 இருக்கும். கம்ப்யூட்டரில் செருகியதும் போர்ட் காட்டவில்லை என்று போர்டைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் அந்த சிப்புக்கான டிரைவர் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று பில். "பில்லோட வேணுமா, பில் இல்லாமலா?" என்று கேட்பார்கள், வித்தியாசம் 18 சதவீத ஜிஎஸ்டி. நாற்பது ரூபாய்ச் சாமானுக்கு யாரும் பில் கேட்கப்போவதில்லை, ஆனால் ஆயிரத்தைத் தாண்டுகிற எதற்கும் பில் வாங்குங்கள், இல்லையென்றால் கம்பெனி வாரண்டி என்று ஒன்று உங்களுக்குக் கிடையாது. இன்னொன்று 'டெஸ்டிங் வாரண்டி'. கடையில் செருகிக் காட்டும்போது வேலை செய்தால் சரி, வாசற்படி தாண்டினால் அது உங்கள் பாடு என்பதுதான் இதற்கு அர்த்தம். அதனால் அவசரப்படாமல் கவுண்டரிலேயே முழுசாகச் சோதியுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இப்போது தொடக்கூடாததுக்கு வருவோம். 18650 லித்தியம் செல் என்று நடைபாதையில் விற்கிறார்கள், மேலே 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று தைரியமாக அச்சடித்திருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதற்குத்தான் 18650 என்கிற எண். இந்த அளவில் உலகத்திலேயே நல்ல கம்பெனிகள் செய்கிற செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கிறது. வீட்டுத் தராசு போதும் கண்டுபிடிக்க: நல்ல செல் 45 கிராமுக்குக் குறையாமல் இருக்கும், போலி முப்பதுக்குக் கீழேகூட வரும். உள்ளே மாவு போட்டு நிரப்பியவையும் உண்டு என்பதால் எடை சரியாக இருந்தாலும் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். டார்ச்சுக்குப் போனால் போகிறது, பேட்டரி பேக் கட்டுகிறவர்கள் இதைக் கையால் தொடவே கூடாது.

பென்டிரைவும் அதே கதை. 2 டெராபைட் 600 ரூபாய்க்கு எப்படிக் கொடுக்க முடியும்? உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ இருக்கும், கம்ப்யூட்டரிடம் மட்டும் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி ஆவது போலவே ஆகும், கொள்ளளவு தாண்டியதும் எழுதியதெல்லாம் காற்றில் போகும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவச மென்பொருள், டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

பவர்பேங்க் விஷயத்தில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. விமானத்தில் 100 வாட்ஹவர் வரை கைப்பையில் மட்டும்தான் கொண்டுபோகலாம், செக்கின் பெட்டியில் கூடாது. 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்ஹவர், அதை செல்லின் வோல்ட்டான 3.7ஆல் பெருக்கினால் 74 வாட்ஹவர், பிரச்சினை இல்லை. ஆனால் பெயர் தெரியாத பீஸில் இந்த அளவைக் காட்டுகிற எழுத்தே அழிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டால் கேட்க முடியாது. இதில் வேடிக்கை, பவர்பேங்கைச் சோதிக்கிற யூஎஸ்பி மீட்டரும் இதே தெருவில்தான் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குங்கள், பவர்பேங்கை விட்டுவிடுங்கள். 100 வாட் கேபிள் என்று சொல்லி விற்பதையும் அந்த மீட்டரில் வைத்துப் பாருங்கள். 60 வாட்டுக்கு மேல் போக கேபிளுக்குள் அது எவ்வளவு தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்கிற இ-மார்க்கர் சிப் இருக்க வேண்டும், பாதிக் கேபிளில் இருக்காது.

மொபைல் ரிப்பேருக்கு நான் தாராளமாக மதிப்பெண் போடுவேன். சார்ஜிங் போர்ட், பேட்டரி, மைக் இதெல்லாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிடுகிறார்கள், மைக்ராஸ்கோப் வைத்து ஐசி மாற்றுகிற கை இருக்கிறதே, அதைப் பார்க்கவே போகலாம். டிஸ்பிளே காம்போ (திரையும் தொடு கண்ணாடியும் சேர்ந்தது) மட்டும் கேட்டுப் போடுங்கள், ஒரிஜினலா காப்பியா என்று. கேட்டால் மறைக்காமல் சொல்கிற கடைகள் நிறைய இருக்கின்றன, கேட்காதவனுக்குக் காப்பிதான்.

பழைய ஹார்ட் டிஸ்க் வாங்குவதானால் லேப்டாப்பும், டிஸ்கை யூஎஸ்பியில் இணைக்கிற சாட்டா அடாப்டரும் கையோடு கொண்டுபோய் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், 30,000 காட்டினால் எங்கேயோ சிசிடிவியில் மூன்றரை வருஷம் இடைவிடாமல் ஓடியது என்று வைத்துக்கொள்ளலாம். பூஜ்யம் காட்டினால் இன்னும் சந்தேகப்படுங்கள், அந்த எண்ணை அழிக்கவும் ஆள் இருக்கிறது. செகண்ட்ஹேண்ட் போன் என்றால் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்), முன்னால் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் போட்டு இடைவெளி விட்டு, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட் என்றோ டூப்ளிகேட் என்றோ பதில் வந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.