டயர் பிரஷர் மானிட்டர்: பிரஷரோடு டிகிரியும் காட்டுவதுதான் விசேஷம்

டயர் வால்வில் மூடிக்குப் பதிலாகத் திருகி மாட்டும் நான்கு சென்சார், டாஷ்போர்டில் வைக்க வெயிலிலேயே சார்ஜ் ஆகும் ஒரு சின்னத் திரை, இவ்வளவுதான் பொருள். காற்று இறங்கினால் கத்தும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது வேலை செய்கிறது, சரி. ஆனால் நான் இதை எல்லோருக்கும் சொல்வதற்குக் காரணம் வேறு: பிரஷருக்குப் பக்கத்திலேயே டயரின் வெப்பநிலையையும் காட்டுகிறது.

திருச்சியில் காலையில் கிளம்பும்போது 30 டிகிரி, 33 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). விழுப்புரம் தாண்டும்போது அதே டயர் 50 டிகிரி, 37 பிஎஸ்ஐ. யாரும் காற்று அடிக்கவில்லை. டயரின் கொள்ளளவு பெரிதாக மாறாததால் உள்ளே அடைபட்ட காற்று சூடாக ஆக அழுத்தம் கூடுகிறது, பதினோராம் வகுப்பில் படித்த கே-லூசாக் விதிதான். கணக்குப் போடும்போது மட்டும் டிகிரியோடு 273 கூட்டிக் கெல்வினாக்க வேண்டும், வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே மீட்டர் காட்டுவதால், அந்த 33-உடன் வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐயும் சேர்க்க வேண்டும். 47.7-ஐ 303-ஆல் வகுத்து 323-ஆல் பெருக்கி, மறுபடி 14.7-ஐக் கழித்தால் 36 வருகிறது. திரையில் இருந்ததோ 37. சென்சார் வால்வின் வெளிநுனியில் காற்று வாங்கிக்கொண்டு இருப்பதால் உள்ளே இருக்கும் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே காட்டுகிறது, இந்த மாடலில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். தோராயமாக 6 டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொண்டால் போதும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியை பங்க்கில் நிறுத்தினால், காற்றுப் பிடிக்கிறவர் 37-ஐப் பார்த்து "ஜாஸ்தியா இருக்கு சார்" என்று 33-க்கு இறக்கிவிடுவார். மறுநாள் காலை டயர் ஆறியதும் அது 29, 30-தான் இருக்கும். காற்று குறைந்த டயர் ஓடும்போது அதிகமாக மடங்கி இன்னும் சூடாகும், டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு ஆறிய டயருக்கானது, தயவுசெய்து சூடான டயரில் காற்றை இறக்க விடாதீர்கள்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் போட்டால் சூட்டில் பிரஷர் ஏறாது என்பார்கள். காற்றில் ஏற்கெனவே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஈரப்பதம் இல்லாத காற்று எதுவாக இருந்தாலும் சூட்டுக்கு ஒரே மாதிரிதான் ஏறும்.

ஊட்டிக்குப் போனால் திரையைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். குளிரில் பிரஷர் இறங்க வேண்டும், ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே 3 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்துவிடுவதால் மீட்டர் அவ்வளவு இறங்காது, சில சமயம் கொஞ்சம் ஏறியும் நிற்கும்.

மற்றபடி, காற்று அடிக்கும்போதெல்லாம் சென்சாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் நட்டைக் கழற்றி மாட்டுவது எரிச்சல், அந்தக் குட்டி ஸ்பேனரை வண்டியிலேயே வைத்திருங்கள். மேல் வரம்பு அலாரம் கம்பெனி செட்டிங்கில் ரொம்பத் தாழ்வாக இருந்தது, நம் ஊர் வெயிலுக்கு மத்தியானம் சும்மா சும்மா கத்தும். ஆறிய அளவுக்கு மேல் 25 சதவீதம் விட்டு வைத்தேன், அப்புறம் தொந்தரவு இல்லை. வெளியூர் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், டிகிரி காட்டாத மலிவு மாடல் மட்டும் வேண்டாம்.