அப்பாவின் புதிய செவிப்புலன் உதவிக் கருவி: ஆறு மாத அனுபவம்

மட்டக்களப்பின் கடலோரப் பகுதியான கல்லடியில் எங்களுடன் வசிக்கும் அப்பாவுக்கு, காதின் பின்புறம் அமரும் மின்னேற்றக்கூடிய கருவிகள் இரண்டு வாங்கி ஆறு மாதங்களாகின்றன. பழைய கருவி எல்லா ஒலிகளையும் ஒரேயளவில் உயர்த்தியதால், தட்டு விழும் சத்தத்துக்கே அதைக் கழற்றி வைத்துவிடுவார். புதியதோ ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, கேட்டல் பரிசோதனையில் இழப்புக் காணப்பட்ட பகுதிகளை மட்டும், மெல்லிய ஒலிக்கு அதிகமாகவும் பலத்த ஒலிக்குக் குறைவாகவும் பெருக்குகிறது. முதுமையில், மெய்யெழுத்து ஒலிகளைப் பிரித்தறிய உதவும் உயர் அதிர்வெண்களே பெரும்பாலும் முதலில் மங்குவதால், ‘கால்’, ‘பால்’ என்பன அவருக்கு ஒன்றாகவே ஒலித்தன; இப்போது பேத்தி சொல்வதைத் திருப்பிக் கேட்காமலே விளங்கிக்கொள்கிறார், அதைப் பார்க்கையில் எனக்குக் கண் கலங்குகிறது.

ஒவ்வொரு கருவியிலுமுள்ள இரண்டு ஒலிவாங்கிகள், சத்தம் வந்தடையும் நேர வித்தியாசத்தைக் கொண்டு முன்னாலிருப்பவரின் குரலை முதன்மைப்படுத்துகின்றன. ஆனால் மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவின் மேள ஓசைக்குள் அது பெரிதாக உதவவில்லை. கடற்கரைக் காற்றும் ஒலிவாங்கியில் இரைகிறது. கனடாவிலிருந்து தம்பி எடுக்கும் அழைப்பு புளூடூத் வழியாக நேரே இரு காதுகளிலும் கேட்பதே அப்பாவுக்கு மிகவும் பிடித்த வசதி.

விற்றவர்கள் முதல் நாளில் கணினி தந்த அமைப்போடு எங்களை அனுப்பிவிட்டார்கள். காதுத் துவாரத்துக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறையருகே ஒலி உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து சரிசெய்த பிறகே பேச்சு தெளிவானது. வாங்குபவர்கள் அந்த அளவீட்டை வற்புறுத்திக் கேட்க வேண்டும். எங்கள் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும், மின்னேற்றாத வேளைகளில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட பெட்டிக்குள் கருவிகளை வைப்பதும் அவசியம்.