ஸ்பானிஷ் உச்சரிப்புக்கு ஃபோர்வோ: ஆறு மாதம் கேட்டுப் பழகிய பிறகு

காசு கட்டி வாங்கிய ஒரு செயலியில்தான் ஸ்பானிஷ் ஆரம்பித்தேன். பெயர் வேண்டாம். மைக்கில் ஒரு வாக்கியம் சொன்னால் பச்சை டிக் விழும், வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் விழுந்தது. அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, மொழிப் பரிமாற்றத்துக்குப் பேசும் ஸ்பெயின் தோழியிடம் ஒருநாள் காளான் சமையலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தி, “பட்டுத் துணியா சமைக்கிறாய்?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அவர்தான் ஃபோர்வோவைக் காட்டினார். 2008 முதல் இணையத்தில் இருக்கும் உச்சரிப்பு அகராதி அது, நடத்துவது ஸ்பெயினின் சான் செபஸ்தியானில் இருக்கும் நிறுவனம். ஒரு சொல்லைத் தேடினால், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் தங்கள் குரலில் பதிவு செய்து வைத்திருப்பதைக் கேட்கலாம். பேசுபவர் ஆணா பெண்ணா, எந்த நாட்டுக்காரர் என்று பக்கத்திலேயே இருக்கும். கேட்பது இலவசம், பதிவிறக்க மட்டும் கணக்கு தொடங்க வேண்டும். இல்லாத சொல்லை யாராவது சொல்லித் தரும்படி கேட்டும் வைக்கலாம். வசதி இவ்வளவுதான், பாடம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனால் என் காதைத் திருத்தியது இதுதான்.

காளானும் பட்டும் ஏன் குழம்பின என்று சொல்கிறேன், தமிழ் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இது வரும். ஸ்பானிஷில் காளான் seta, பட்டு seda. இரண்டு சொல்லையும் தமிழில் எழுதிப் பாருங்கள், இரண்டுமே ‘செதா’தான். பட்டில் வருவது ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய த, அது நமக்குத் தானாகவே வந்துவிடும். காளானில் வருவது ‘தலை’யில் வரும் வல்லின த, ஆனால் அது இரண்டு உயிர்களுக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிறது. தமிழில் அந்த இடத்தில் த வன்மையாக ஒலிக்க வேண்டும் என்றால் ‘பத்து’ மாதிரி இரட்டித்தாக வேண்டும். அதனால் நம் வாய் ஒன்று மெல்லியதாக்கி ‘செதா’ என்கிறது, இல்லையென்றால் அழுத்தி ‘செத்தா’ என்கிறது, இரண்டும் தப்பு. நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் இந்தத் தப்பு அப்படியே உறைந்துவிடும். நான் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, இரண்டு சொல்லையும் ஃபோர்வோவில் மாறி மாறி ஓடவிட்டு, போனில் என் குரலைப் பதிவு செய்து, அவர்கள் குரல் ஒருமுறை என் குரல் ஒருமுறை என்று கேட்டேன். முதல் நாலு நாள் என் ‘செத்தா’வில் நாக்கு பல்லில் ஒட்டிக்கொண்டு நிற்பது எனக்கே கேட்டது. அவர்களுக்கு நாக்கு தொட்டவுடன் விலகிவிடுகிறது. அந்தக் கணநேர வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு வாரம் ஆனது, பிடித்ததும் வாத்து (pato), பூனை (gato), வாய் (boca) என்று அதே மாதிரிச் சொற்கள் எல்லாம் வரிசையாகச் சரியாகின.

இன்னொரு பெரிய விஷயம், ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிக்காதீர்கள். அந்தச் செயலி முழுக்க ஆங்கிலக்காரர்களுக்காக எழுதிய விளக்கம், நானும் அதை வைத்துக்கொண்டு ‘டாக்கோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பானிஷில் ட கிடையாது, அது த. மெக்சிகோக்காரர் ஒருவரின் குரலைக் கேட்டபோது, நம் ‘தா’வேதான் அப்படியே கேட்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ப, த, க மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்வது போலக் காற்றோடு ஊதக் கூடாது. உதட்டுக்கு முன்னால் மெல்லிய காகிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ‘அப்பா’ சொல்லுங்கள், காகிதம் பெரிதாக ஆடாது. ஸ்பானிஷ் ‘பப்பா’வும் அப்படித்தான்.

இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது, ஸ்பானிஷில் அதிரும் வல்லினம் (b, d, g) உயிர்களுக்கு நடுவில் மெலிந்து, மூக்கொலிக்குப் பின்னால் முழுதாக ஒலிப்பது. ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான ‘நாதா’வில் த மெலிகிறது, ‘எங்கே’ என்பதற்கான ‘தோந்தே’யில் ந்-க்குப் பின்னால் திடமாக நிற்கிறது. நம் ‘அது’வும் ‘பந்து’வும் இதே கதைதானே! ‘அமீகோ’வின் க நம் ‘மகன்’ க-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலக்காரர்கள் இதற்கு மாதக்கணக்கில் போராடுகிறார்கள், நாம் பிறந்ததிலிருந்து செய்கிறோம். ஆனால் சொல்லின் முதலில் கவனம் வேண்டும். ‘இரண்டு’ என்பதற்கான ஸ்பானிஷ் சொல் (dos) ‘பந்து’வில் வரும் அதிரும் த-வோடு தொடங்கும், அதை ‘தலை’யின் த-வாகச் சொன்னால் ‘இருமல்’ (tos) ஆகிவிடும்.

சரி, எல்லோரும் பயப்படும் ர, ற. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். பள்ளியில் ர இடையினம், ற வல்லினம் என்று படித்தும், பேச்சில் நம்மில் நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம். ஸ்பானிஷில் அப்படிச் செய்ய முடியாது. ர-வுக்கு நாக்கு ஒருமுறை தட்டும், ற-வுக்கு இரண்டு மூன்று முறையாவது துடிக்கும். சொல் தொடக்கத்தில் வரும் ர எல்லாமே துடிப்புதான், ன், ல், ஸ் இவற்றுக்குப் பின்னால் வந்தாலும் துடிப்புதான். நான் செய்த தவறு நாக்கை வலிந்து ஆட்டப் பார்த்தது. நுனியை மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் தளர்வாக வைத்துவிட்டு மூச்சைத் தள்ள வேண்டும், ஆட்டுவது காற்று. ஃபோர்வோவில் ‘நாய்’ சொல்லுக்கு இருக்கும் குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூடவே சொன்னேன், மூன்றாவது வாரத்தில் ஒரு ராத்திரி திடீரென்று துடித்தது.

உயிரெழுத்தில் நமக்குப் பிரச்சினையே இல்லை என்று நினைத்திருந்தேன், ஐந்தே ஐந்துதானே. ஆனால் என் பதிவைக் கேட்டால் ‘எல்’ என்பது ‘யெல்’ என்றும், கண்ணுக்கான ‘ஓஹோ’ ‘வோஹோ’ என்றும் விழுகிறது. எலியை யெலி, ஒன்றை வொண்ணு என்று பேசிப் பழகிய வாய். கடைசியில் மெய் வந்தால் ஒரு உ-வை ஒட்டிவிடுவதும் உண்டு, ‘உஸ்தெத்’ என்பது ‘உஸ்தெது’ ஆகிறது. அழுத்தம் தனித் தலைவலி. ‘ஆப்லோ’ என்று முதலில் அழுத்தினால் நான் பேசுகிறேன், கடைசியில் அழுத்தினால் அவர் பேசினார். உயிர், ன், ஸ் இவற்றில் முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசை, மற்றவற்றுக்குக் கடைசி அசை, மேலே கோடு போட்டிருந்தால் கோடு இருக்கும் இடம். விதி சுலபம், ஆனால் அழுத்தச் சொன்னால் நாம் நெடிலாக இழுத்துவிடுகிறோம்.

நாடு பார்த்துக் கேளுங்கள். வீட்டுக்கான சொல்லும் வேட்டைக்கான சொல்லும் லத்தீன் அமெரிக்காவில் ஒரே ‘காஸா’, ஸ்பெயினின் பெரும்பகுதியில் வேட்டைக்கு மட்டும் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்கிறார்கள். தெருவுக்கான ‘காயே’ புவெனோஸ் ஐரெஸில் ‘காஷே’. நான் முதலில் எல்லாவற்றையும் கலந்து கேட்டுக் குழம்பினேன், அப்புறம் ஸ்பெயின் குரல்களை மட்டும் பின்பற்றினேன்.

ஃபோர்வோ உங்களைத் திருத்தாது, அது அதன் வேலையும் இல்லை. தன்னார்வலர்கள் அவரவர் மைக்கில் பதிவு செய்வதால் எல்லாக் குரலும் ஒரே தெளிவில் இருக்காது. பெரும்பாலும் தனிச் சொற்கள், அதையும் நிதானமாகச் சொல்வார்கள். வாக்கியத்தில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முதலெழுத்து கூட மெலிந்துவிடும், அதற்குப் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஆகவே இதோடு வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதரிடம் பேசுங்கள்.

போன வாரம் அதே தோழியிடம் அதே காளான் சமையலைச் சொன்னேன். அவர் நிறுத்தாமல் கேட்டுவிட்டு, பூண்டு எத்தனை பல் போட்டாய் என்றார்.