கயிறு கட்டும் கணுக்கால் பிரேஸ்: மூன்று மாதம் அணிந்த பிறகு

பாட்மிண்டன் ஆட்டத்தில் குதித்து இறங்கும்போது என் வலது பாதம் உட்பக்கமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை என்பது எக்ஸ்ரேயில் உறுதியான பிறகு, இயன்முறை மருத்துவர் சொன்னபடி இந்தப் பிரேஸை வாங்கினேன். அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடிகூட நடக்க முடியாதவர்கள், எதையும் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

குதிகால் மட்டும் வெளியே தெரியும் துணி உறை, முன்பக்கம் ஷூவில் இருப்பதுபோன்ற கயிறு, அதற்கு மேல் எட்டு வடிவில் சுற்றிவந்து வெல்க்ரோவில் ஒட்டும் இரண்டு பட்டைகள், இவ்வளவுதான் இதன் அமைப்பு. பாதம் பக்கவாட்டில் புரள்வதைத் தடுத்தாலும் மேலும் கீழும் அசைவதைப் பெரிதாகத் தடுக்காததால், படியேறுவதுகூடச் சிரமமாக இல்லை.

அணியும் முறையில்தான் முதல் வாரம் தவறினேன். பாதத்தைத் தொங்கவிட்டபடி கயிற்றை இறுக்கியதால், பத்து அடி நடப்பதற்குள் உறை தளர்ந்துவிட்டது. குதிகாலை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தைச் செங்கோணத்தில் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக ஒவ்வொரு கண்ணியாக இறுக்கினால் அது நாள் முழுவதும் நகர்வதில்லை. கட்டி முடித்ததும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டாலோ விரல்கள் மரத்துப்போனாலோ, உடனே தளர்த்துங்கள்.

குறைகளும் உண்டு. கயிற்றின் கீழ்முனைத் தையல் புறங்காலில் உரசிச் சிவந்த கோடு போட்டது. தடித்த பருத்திக் காலுறை அணிந்த பிறகே அது நின்றது. வழக்கமான ஷூவும் பிடிக்கத் தொடங்கியதால், உள்ளிருந்த அட்டையை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இதற்கு முன் விறைப்பான விளையாட்டு டேப்பையும் பயன்படுத்தியிருக்கிறேன். தேர்ந்த கை சுற்றினால் அது அருமையாகப் பிடிக்கும். ஆனால் அரை மணி நேர ஆட்டத்திலேயே வியர்வையிலும் அசைவிலும் தளர்ந்துவிடும். பிரேஸை ஆட்டத்தின் நடுவிலும் நாமே இறுக்கிக்கொள்ளலாம். ஜப்பானியரான கென்சோ காசே 1970களில் உருவாக்கிய, இழுத்தால் நீளும் வண்ண வண்ண மீள்டேப் வேறு வகை. சிலருக்கு அது வலியைச் சற்றுக் குறைக்கலாம், ஆனால் புரளும் மூட்டைப் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை.

பிரேஸ் தரும் தெம்பில் இரண்டாம் மாதம் பயிற்சிகளைக் கைவிட்டேன். ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு, பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்று பார்த்தால், எட்டு நொடிக்குள் கணுக்கால் நடுங்கிச் சரிந்தது. பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று உணரும் திறன் சுளுக்கில் பாதிக்கப்படுகிறது. அதை மீட்டுத் தருவது சமநிலைப் பயிற்சிதான், பிரேஸ் அல்ல. அன்றிலிருந்து வீட்டில் அதைக் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்கிறேன், ஆடுகளத்தில் மட்டும் அணிகிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீக்கம் உச்சத்தில் இருந்தபோது அளவெடுத்து வாங்கிய முதல் உறை, வீக்கம் வடிந்ததும் தொளதொளத்துப்போக, ஒரு அளவு சிறியதை மறுபடியும் வாங்க நேர்ந்தது.