செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: என் காரில் இல்லாத போஸ்

பழைய போர்ஷே பாக்ஸ்டர் கார் ஒன்று வாங்கி ஏமாந்த கதை இது. கார் நல்ல கார். என்ஜின், கியர், பிரேக் எதிலும் புகார் இல்லை. ஏமாந்தது காரில் பாட்டுக் கேட்கிற விஷயத்தில். சிரிக்காதீர்கள், அந்தப் பாட்டுக்காக மட்டும் நான் கூடுதலாகக் கொடுத்தது 1,60,000 ரூபாய்.

கோவையில் பம்புகளுக்கு உதிரி பாகம் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் ரெண்டு சீட்டு காருக்கு ஆசைப்பட்டது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. அது வேறு கதை. நான் பார்த்தது 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர். 981 என்று சொல்வார்களே, 2012 முதல் 2016 வரை வந்த அந்தத் தலைமுறை. ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு வண்டிகள் கைக்கு எட்டுகிற விலையில் இருந்தன. ஒன்று பெங்களூரில், சாதாரண ஸ்பீக்கரோடு. இன்னொன்று சென்னையில் ஒரு பழைய சொகுசு கார் ஷோரூமில். அதன் விளம்பரத்தில் ‘போஸ் சரவுண்ட் சவுண்ட், கம்பெனி கார்ப்ளே, ஃபுல்லி லோடட்’ என்று போட்டிருந்தார்கள். போஸ் என்பது பேர்பெற்ற ஸ்பீக்கர் கம்பெனி, கார்ப்ளே என்பது ஐபோனைக் காரின் திரையோடு இணைக்கிற வசதி. விலை வித்தியாசம்தான் மேலே சொன்ன தொகை. ஷோரூமின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார்.

சென்னை வண்டியை எடுத்ததற்கு என் காதுதான் காரணம். கல்லூரி நாட்களில் ஆர்.எஸ். புரத்தில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கிற வேலை பார்த்தேன். பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள், டிடிகே கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். அந்த மூன்று வருடத்தில் எந்த ஸ்பீக்கர் நல்லது, எது வெறும் சத்தம் என்று எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் யாராவது ஹோம் தியேட்டர் வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட ஆளை ஏமாற்றுவதுதான் சுலபம் போலிருக்கிறது.

ஷோரூமில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். விற்பனைப் பையன் கதவைத் திறந்து, ஸ்பீக்கரை மூடும் சல்லடைத் தகடான ஜாலியின் மேல் இருந்த ‘போஸ்’ எழுத்தை விரலால் தட்டிக் காட்டினான். ‘இதுக்குத்தான் சார் எல்லாரும் இந்த வண்டிய கேக்குறாங்க.’ எனக்குப் பழக்கமான பத்துப் பாட்டுகளைப் பென்டிரைவில் எடுத்துப் போயிருந்தேன். எண்பதுகளின் பாட்டு ஒன்று, அதில் பேஸ் கிடார் பாடகருக்குக் கீழே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும். நல்ல சிஸ்டத்தில் அது ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்கும், மட்டமானதில் ஒரே உறுமலாகிவிடும். என்னுடைய உரைகல் அதுதான்.

‘யுஎஸ்பி மட்டும் இப்ப படிக்கல சார். சின்ன சாஃப்ட்வேர் வேலை, டெலிவரிக்கு முன்னாடி முடிச்சுத் தர்றோம்’ என்று சொல்லிவிட்டுத் தன் போனில் இருந்தே ஒரு பாட்டைப் போட்டான். கிளப்பில் போடுகிற வகை, தம் தம் என்று அடி மட்டும்தான். கூரை மூடியிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது, என்ஜின் ஓடவில்லை, ஷோரூம் ஏசியில் ஊசி விழுந்தால் கேட்கும். என் முதுகெலும்பு வரைக்கும் அதிர்ந்தது. அடடா, இதுவல்லவா போஸ் என்று நினைத்தேன். உரைகல்லைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு அன்று மாலையே அட்வான்ஸ் கொடுத்தேன்.

டெலிவரி எடுத்து ஊர் திரும்பும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுக் கூரையைத் திறந்தேன். 50 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓட்டிக்கொண்டே திறக்கலாம், ஒன்பது நொடிதான். மகள் பக்கத்து சீட்டில். 80-ஐத் தொட்டதும் பாட்டைக் காணோம். பாடகரின் குரல் டேஷ்போர்டில் எங்கோ ஒரு மூலையில் ஈனசுரத்தில் கேட்டது. பேஸ் என்கிற தாழ்ந்த சுரமே இல்லை, ஆனால் மகள் சீட்டு மட்டும் டுர்ர் டுர்ர் என்று நடுங்கிக்கொண்டிருந்தது. ‘அப்பா, சீட்டுக்கு அடியில யாரோ செல்போன வைப்ரேட்ல வெச்சுட்டாங்க’ என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த வகை போர்ஷேயில் போஸ் இருந்தால் ஆடியோபைலட் என்ற வசதி வரும். மைக் வைத்து வண்டிக்குள் வரும் இரைச்சலைக் கேட்டு, அதற்கேற்பப் பாட்டைத் தூக்கிக் கொடுக்கும். திரையில் சவுண்டு மெனுவுக்குப் போனால் அதை ஆன், ஆஃப் செய்ய இடம் இருக்கும், சரவுண்டுக்கும் இருக்கும். ஓரமாக நிறுத்தித் தேடினேன். பேஸ், ட்ரெபிள், ஃபேடர், பேலன்ஸ். வேறு ஒன்றும் இல்லை. சத்தத்தை முன் ஸ்பீக்கருக்கும் பின் ஸ்பீக்கருக்கும் பிரிக்கிற ஃபேடரை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாலும் அந்தச் சீட்டு நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அங்கிருந்தே ஷோரூமுக்கு போன் போட்டேன். ‘அப்டேட்ல போயிருக்கும் சார், வந்துரும்’ என்றான் பையன். அப்டேட் போட்டால் ஆம்ப்ளிஃபயர் ஆவியாகிவிடுமா என்று கேட்டேன். லைன் கட் ஆகிவிட்டது.

மறுநாள் என் எலக்ட்ரீஷியன் தம்பி வீட்டுக்கு வந்தார். கணபதி பக்கம் கடை, இருபது வருடமாக வயரிங் மட்டும்தான் வேலை. வந்தவர் முதலில் முன்பக்க டிக்கியைத் திறக்கச் சொன்னார். இந்தக் காரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால், சாமான் வைக்கும் இடம் முன்னாலும் ஒன்று உண்டு. அந்த மூடியின் உட்புறம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் வரிசையாக மூன்று இலக்க எண்கள். தொழிற்சாலையிலிருந்து வண்டி என்னென்ன வசதியோடு வந்தது என்பதன் ஜாதகம் அது. சர்வீஸ் புத்தகத்திலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். போஸுக்கு 680. மேலிருந்து கீழ் இரண்டு முறை படித்தோம். 680 இல்லவே இல்லை. பிறகு அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்துக்கு 17 எழுத்து சேஸிஸ் நம்பரை அனுப்பிக் கேட்டேன். அவர்களும் இந்த வண்டி போஸோடு வரவில்லை என்று உறுதி செய்தார்கள்.

‘அப்ப கதவுல எழுதியிருக்கறதுங்ணா?’ என்றபடி தம்பி கட்டைவிரல் நகத்தை அந்த எழுத்தின் ஓரத்தில் கொடுத்தார். பழைய ஸ்டாம்பு மாதிரி உரிந்து வந்தது. பின்னால் இரட்டைப் பக்கப் பசை டேப், அதில் ஒட்டிய தூசி. ஜாலியில் பதிந்த தழும்பு, துளை எதுவும் கிடையாது. இன்னொரு கதவில் இருந்தது ஒரு மில்லிமீட்டர் கோணலாகவே ஒட்டப்பட்டிருந்தது. பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடிக்கிறவன் நான், அதைக்கூடப் பார்க்கவில்லை.

மகள் சொன்ன செல்போனும் கிடைத்தது. சீட்டைப் பின்னால் தள்ளி டார்ச் அடித்தால், அடியில் சாப்பாட்டு டப்பா உயரத்துக்கு ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி. ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்தே வரும் மலிவான சப்வூஃபர், அதாவது பேஸை மட்டும் எழுப்புகிற ஸ்பீக்கர். கதவு ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் தோலைச் சீவி, அங்கிருந்து சத்தத்தை இழுத்திருந்தார்கள். கரண்டுக்கு ஒரு சிவப்பு வயர், கால் வைக்கும் இடத்து ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் தரைவிரிப்புக்கு அடியில் போனது. நடுவில் ஃபியூஸ் எதுவும் போடவில்லை. சீட்டு முன்னும் பின்னும் போகிற தண்டவாளத்தை உரசிக்கொண்டு, இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்து நழுவிக் கிடந்தது. அதற்கு நாலு விரல் தள்ளி மஞ்சள் சாக்கெட்டு. மஞ்சள் என்றால் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தெரியாதவன் கை வைக்கவே கூடாத இடம்.

‘பாட்ட விடுங்ணா. வயரு இன்னும் ஒரு மாசம் உரசியிருந்தா வண்டியே எரிஞ்சிருக்கும்ங்ணா’ என்றார். மகள் உட்கார்ந்து வந்த சீட்டு. எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிடத்தில்தான். அதுவரைக்கும் வெறும் அவமானம்.

ஷோரூமில் மட்டும் எப்படி அவ்வளவு நன்றாகக் கேட்டது என்று யோசித்தால் விடை சாதாரணமானது. மூடிய ரெண்டு சீட்டு கார் என்பது ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் தாழ்ந்த சுரங்கள் வெளியே போக வழியில்லாமல் சேர்ந்து பெருகும், எந்தக் கறுப்பு டப்பாவும் பெரிய சிஸ்டம் மாதிரி ஊதும். கூரையைத் திறந்ததும் அது வானத்துக்குப் போய்விடுகிறது. சீட்டு அதிர்வதும் ஒரு ஏமாற்று வேலைதான். உடம்பு அதிர்ந்தால் காது ‘பேஸ் வருகிறது’ என்று தானாகவே முடிவு செய்துகொள்ளும். உண்மையான போஸ் செட்டில் இந்த வண்டிக்குப் பத்து ஸ்பீக்கர், மொத்தம் 445 வாட். ஸ்பீக்கர்களை எண்ணியிருந்தாலே பிடிபட்டிருக்கும்.

‘கம்பெனி கார்ப்ளே’ கதையும் பொய்தான். இந்தத் தலைமுறை பாக்ஸ்டரில் தொழிற்சாலையிலிருந்து கார்ப்ளே கிடையாது. 2016-இல் வந்த அடுத்த தலைமுறையான 718-இல்தான் வந்தது. திரைக்குப் பின்னால் வெளிச் சந்தைப் பெட்டி ஒன்றைச் சொருகி, சத்தத்தை ஆக்ஸ் என்கிற சாதாரண ஆடியோ இணைப்பு வழியாக விட்டிருந்தார்கள். அதனால் பாட்டுக்கு அடியில் எப்போதும் மெல்லிய ஸ்ஸ் இரைச்சல், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதோடு சேர்ந்து ஏறுகிற ஒரு விசில். போன் பேசினால் எதிரில் இருப்பவருக்கு அவர் பேசியதே திரும்பக் கேட்கிறது. வெளிப் பெட்டி போடுவது தப்பே இல்லை, நானே போட்டிருப்பேன். அதைக் கம்பெனி சாமான் என்று விற்றதுதான் தப்பு. யுஎஸ்பி போர்ட்? அது முதல் நாளே நன்றாக வேலை செய்தது. என் பாட்டைப் போடவிடாமல் தடுக்கச் சொன்ன பொய் என்று புரிந்தபோது, அந்தப் பையனின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் தோன்றியது.

முதலாளியிடம் பேசினேன். ‘சார், ஆர்சியில போஸ்னு எழுதியிருக்கா? வண்டிய ஓட்டிப் பாத்து, பாட்டு கேட்டு, கையெழுத்து போட்டுத்தான எடுத்தீங்க’ என்றார். கையெழுத்துப் போட்ட தாளில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், ‘போஸ் ஒரிஜினல்தானே?’ என்ற என் வாட்ஸ்அப் கேள்விக்கு ‘100% ஒரிஜினல் சார்’ என்று வந்த பதிலும் என்னிடம் இருந்தன. அந்த ஒரு வரி பதில்தான் இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய சாட்சி. எதையும் வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் 40,000 தருகிறோம், சமாதானமாகப் போவோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்தும் புகார் பதியலாம். ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். வண்டியைப் பட்டறையின் பெயரில் வாங்கினால் வரியில் மிச்சம் என்று ஆடிட்டர் யோசனை சொல்லியிருந்தார். அப்படிச் செய்திருந்தால் ‘இவர் நுகர்வோரே இல்லை, வியாபாரத்துக்காக வாங்கியவர்’ என்று எதிர்த்தரப்பு கிளம்பியிருக்கும் என்கிறார் வக்கீல்.

இந்த மாதிரி வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாட்டைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் ஸ்டிக்கர், பிறகு சேஸிஸ் நம்பர், பிறகு மெனு. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி அடியில் டார்ச் அடியுங்கள். வேட்டி கட்டிக்கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை, குனியுங்கள். உங்கள் பென்டிரைவ், உங்கள் பாட்டு, இல்லையென்றால் கிளம்பி வந்துவிடுங்கள். பேலன்ஸை இடமும் வலமும் தள்ளி, ஒவ்வொரு ஜாலியிலும் காதை வைத்துக் கேளுங்கள். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, கூரையைத் திறந்து, மெயின் ரோட்டில் ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கள். ஷோரூமுக்குள் நிறுத்திப் பாட்டுக் கேட்பது, பெண் பார்க்கப் போய்ப் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

கறுப்புப் பெட்டியையும் சிவப்பு வயரையும் கழற்றி, படம் எடுத்து, பையில் போட்டுச் சீல் வைத்தாகிவிட்டது. தம்பி அறுந்த வயர்களைச் சேர்த்துக் கொடுத்தார். இப்போது வண்டியில் இருப்பது அது பிறந்தபோது இருந்த சாதாரண ஸ்பீக்கர்கள்தான். அடக்கமாக, ஆனால் ஒழுங்காகப் பாடுகின்றன. பேஸ் கிடார் கொஞ்சம் மெலிந்து கேட்டாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரிகிறது.

உரித்த இரண்டு எழுத்துகளில் ஒன்று உறைக்குள் போட்டு வக்கீலிடம் இருக்கிறது. இன்னொன்றை மகள் எடுத்து எங்கள் வீட்டு மிக்ஸியில் ஒட்டிவிட்டாள்.